புதுப்புனலும் சிறு பிள்ளைகளும்

குழந்தைகள் தண்ணீரைக் கண்டால் விளையாடுவது எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் நடக்கிற சாதாரணக் காரியமாதலால், அதற்கென்று ஒரு சரித்திரம் உண்டென்று சொல்லப் புகுவது வீண் வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடந்து, பிறகு ஒரு நாள் நுரையும் சருகுமாகத் திடீரென்று வந்து சேருகிற ஆறுகளை நம்பி வாழ்ந்த தமிழ்நாட்டில் தண்ணீர் எப்போதும் கையருகே இருந்த பொருளன்று. அது வரும், போகும். வந்தால் ஊரே எழுந்து சென்று அதை எதிர்கொள்ளும். அந்த உபசாரத்தில் பெரியவர்களுக்கு ஒரு பங்கும் சிறுவர்களுக்கு ஒரு பங்கும் இருந்தன. இந்த இரண்டு பங்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களில் எவ்வாறு மாறி வந்திருக்கின்றன என்று பார்க்கும்போது, ஒரு காலத்தில் அரசரும் செல்வரும் ஆடிய நீர் விளையாட்டை முதிர்ந்தவர்கள் கொஞ்சங் கொஞ்சமாகப் பூஜையாகவும் விரதமாகவும் ஆக்கிக்கொண்டுவிட, விளையாட்டு மாத்திரம் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பழைய காலத்து நிலைமைக்குச் சிறந்த சாட்சி பரிபாடல். அந்நூலில் ஆதியில் 70 பாடல்கள் இருந்தன என்றும், அவற்றுள் 26 பாடல்கள் வையைக்கு உரியவை என்றும் பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டில் அதைப் பதிப்பித்தபோது முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றில் வையையைப் பற்றியவை எட்டு. அந்த எட்டுப் பாடல்களைப் படிப்பவர்களுக்கு, ஓர் ஆற்றில் நீர் வந்தது என்னும் ஒரே செய்தியைக் கேட்டு ஒரு பெரிய நகரம் எப்படி நிலை கொள்ளாமல் ஆகிவிடும் என்பது கண்முன்னே தெரியும். மலையில் பெய்த மழையின் வெள்ளம் பூக்களையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வருகிறது, பறை அறைகிறார்கள், யானைமேலும் குதிரைமேலும் வண்டியிலும் ஏறிக்கொண்டு ஜனங்கள் துறைக்கு விரைகிறார்கள். சிலர் கையில் நீரைப் பீய்ச்சும் சிவிறி; சிலர் கையில் வாசனை நீர் நிறைத்த கொம்பு. நாணலையும் மூங்கிலையும் பிணைத்த புணைகளில் ஏறி மிதக்கிறார்கள், ஊடுகிறார்கள், கூடுகிறார்கள். பொன்னால் செய்த நண்டையும் இறாலையும் வாளை மீனையும் நீரில் இட்டு, விளைவு பெருக வேண்டும் என்று வாழ்த்துகிறார்கள். இவ்வளவு விமரிசையிலும் குழந்தைகளைப் பற்றிய பேச்சு மிக அற்பம். விளையாட்டு முழுவதும் பெரியவர்களுடையது. பிள்ளைகள் தாயின் இடுப்பிலோ கரையிலோ இருந்து வேடிக்கை பார்த்திருக்கவேண்டும்.

சோழ நாட்டிலும் இப்படியே. கரிகாலன் கழார் என்னும் துறையில் தன் சுற்றத்தாருடன் அமர்ந்து புனல் விழாவைக் கண்டதையும், அங்கே நீராடிய ஆட்டனத்தி என்னும் அழகனைக் காவிரி கவர்ந்துகொண்டு போனதையும், அவனைத் தேடி ஆதிமந்தி கரைநெடுகப் புலம்பித் திரிந்ததையும் பரணர் அகநானூற்றில் பாடியிருக்கிறார். புகாரிலோ விழாவின் முடிவில் கடலாடப் போன இடத்தில்தான் கோவலனும் மாதவியும் பிரிந்தார்கள். நீர் விளையாட்டு என்றால் அக்காலத்துப் புலவர்களுக்குக் காதலும் பிரிவும் நினைவுக்கு வந்தனவேயன்றிக் குழந்தைப் பருவம் வரவில்லை.

இந்தப் பொது வழக்குக்கு விலக்காகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது, 243-ஆம் பாட்டு. அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பூண் கட்டிய தலையையுடைய கைத்தடியைப் பற்றி அப்பாட்டில் வரும் சொற்றொடரையே அவருக்குப் பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைத்துவிட்டார்கள். இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசுகிற நிலைக்கு வந்துவிட்ட கிழவர் ஒருவர், மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் திளைத்ததையும், கரையில் நின்றவர்கள் வியக்கும்படி நீர்மேல் தாழ்ந்திருந்த மருத மரக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் துடுமென்று பாய்ந்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதையும் எண்ணி, அந்தக் கள்ளமற்ற இளமை எங்கே போயிற்றோ என்று இரங்குகிறார். நீரின் அடிவரைக்கும் போனதற்கு அத்தாட்சி ஒரு பிடி மணல்! இன்றைக்கும் தாமிரபரணிக் கரையிலோ ஏதாவது ஒரு கோயில் தெப்பக்குளத்திலோ முங்கி எழுகிற பையன் அதே பிடி மணலைத்தான் மேலே தூக்கிக் காட்டுகிறான். ஒரு பந்தயத்தின் விதி இவ்வளவு காலம் எழுத்தில்லாமல் வாய்மொழியிலும் கைப்பழக்கத்திலுமே நிலைத்திருப்பது சாமானிய விஷயமன்று.

நெய்தல் நிலத்தில் கடலே விளையாட்டிடமாக இருந்தது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் புகார்க் கடற்கரையில் பரதவர் ஓய்ந்திருந்த ஒரு நாளை வருணிக்குமிடத்தில், அவர்கள் கடலில் ஆடி, உப்புப் போக ஆற்று நீரில் குளித்து, நண்டுகளை ஓட்டிப் பிடித்து, அலைகளில் பாய்ந்து, மணலில் பாவை சமைத்துப் பகலெல்லாம் கழித்ததாகக் கூறுகிறார். நண்டு ஓட்டுவதும் மணற்பாவை செய்வதும் சிறுமியருக்கு உரிய ஆட்டங்கள் என்று அகப்பாடல்கள் பல இடங்களில் சொல்லும். தைத் திங்களில் கன்னிப் பெண்கள் தாய்மாரோடு சென்று நீராடி நோற்ற வழக்கம் பரிபாடலிலேயே வருகிறது. விளையாட்டு விரதமாக மாறத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் இதுவென்று கொள்ளலாம். பின்னால் வந்த ஆண்டாள் மார்கழி நீராட்டத்தைப் பாடினாள். நீராடும்போது கண்ணன் துகில் கவர்ந்ததைப் பாடினாள். அவள் பாட்டில் நோன்பும் விளையாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

குழந்தையைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்கும் பார்வை இலக்கியத்தில் நன்றாக வேரூன்றியது பக்தி நெறியின் வழியாகத்தான். உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக வந்து நிற்கும் கண்ணனை, எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நீராட வரும்படி யசோதை கெஞ்சி அழைக்கிற பாவனையில் பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடினார். குளிக்க மறுத்து ஓடுகிற குழந்தையையும், தின்பண்டத்தைக் காட்டி அதை மயக்கப் பார்க்கிற தாயையும் நாம் அங்கே காண்கிறோம். அதற்கும் பிறகு பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் எழுந்து, ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழன்மேல் ஒன்று பாட, நாளடைவில் அதற்குப் பத்துப் பருவங்கள் என்ற கட்டுக்கோப்பு ஏற்பட்டது. ஆண்பிள்ளைக்குக் கடைசியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்ற மூன்று. பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்ற மூன்று. திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் மதுரையின் அரசியான அம்பிகையே சிறுமியாகி வைகையின் புதுநீரில் ஆடும்படி வேண்டப்படுகிறாள். பரிபாடலில் காதலருக்கு உரியதாயிருந்த அதே ஆற்றின் அதே புதுவெள்ளம் இங்கே ஒரு குழந்தையின் விளையாட்டுக்கு உரியதாகிவிட்டது. இதற்கு நடுவே கழிந்த காலம் ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தெய்வக் குழந்தைக்கு நீராடலைப் பருவமாக வகுத்துக் கொடுத்த அதே சமூகம், வீட்டுப் பெண்குழந்தைக்கு அந்தச் சுதந்திரத்தை ஒன்பது பத்து வயதுக்குமேல் கொடுக்கவில்லை. ஆற்றில் குதிப்பதும் மடுவில் பாய்வதும் பையன்களின் உரிமையாகிப்போயின. பெண்ணுக்குப் படித்துறையின் கடைசிப் படியும் இடுப்பில் ஒரு குடமும் மிஞ்சின. புறநானூற்றுக் கிழவர் சிறுமியரோடு கைகோத்து ஆடினார் என்பதைப் பிற்காலத்தில் எந்த அக்கிரகாரத்துப் பாட்டியும் வேளாளர் தெருப் பாட்டியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

இனிக் காவிரிக்கு வருவோம். ஆடி மாதம் பதினெட்டாம் தேதியன்று நடக்கும் பதினெட்டாம் பெருக்கு, பழைய புனல் விழாவின் நேர் வாரிசு என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சுமங்கலிகள் படித்துறையில் காவிரியம்மனைப் பூஜித்து, காதோலையும் கருகமணியும் மஞ்சளும் நீரில் விடுகிறார்கள். பரிபாடலில் பொன் நண்டும் பொன் மீனும் இட்டவர்களின் செய்கையை இது நினைவூட்டாமல் போகாது. சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்து உண்பதும் அந்நாளின் விசேஷம். கல்கி தம்முடைய ‘பொன்னியின் செல்வன்’ நாவலை 1950-இல் எழுதத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்தையே ஒரு பதினெட்டாம் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் அமைத்தார். மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவருக்கு வேறெந்த நாள் தோன்றும்?

பெரியவர்களின் சடங்குகள் ஒரு புறம் இப்படி நடந்துகொண்டிருக்க, மற்றொரு புறம் பிள்ளைகளின் உற்சவம் வேறாக நடக்கும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் ஆடி பிறந்தவுடனேயே சிறுவர்கள் சப்பரத்துக்காக வீட்டில் நச்சரிக்கத் தொடங்குவார்கள். தச்சர்கள் நான்கு சக்கரம் வைத்த சிறு தேர்களைச் செய்து விற்பார்கள். வாங்க வகையில்லாத வீட்டுப் பிள்ளைகள் மூங்கில் பிளாச்சையும் பழைய பலகையையும் கொண்டு தாங்களே ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். வர்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு சுவாமி படத்தை வைத்து, இருட்டுகிற சமயத்தில் அகல் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்குழந்தைக்குச் சொன்ன சிறுதேர்ப் பருவமும் பெண்குழந்தைக்குச் சொன்ன நீராடல் பருவமும் ஒரே நாளில் ஒரே கரையில் இவ்விதம் சந்தித்துக்கொள்கின்றன. சப்பரம் கரையில் நிற்க, அதை இழுத்து வந்தவர்கள் தண்ணீரில் இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் முந்திய ஒரு நாள் உண்டு. அதற்குப் பஞ்சாங்கத்தில் பெயரில்லை. வறண்ட ஆற்றில் முதல் தண்ணீர் வந்து சேரும் நாள் அது. மேல் ஊரிலிருந்து யாராவது ஒருவர், தண்ணீர் இன்ன மதகைத் தாண்டிவிட்டது என்று செய்தி கொண்டுவருவார். உடனே சிறுவர்கள் கூட்டங் கூட்டமாக மணலில் இறங்கி மேற்கே நோக்கி ஓடுவார்கள். வருகிற நீரின் தலை, சருகும் குச்சியும் நுரையும் எறும்புக் கூட்டமுமாக, ஒரு முழ உயரங்கூட இல்லாமல், மணலின் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் ஓடுவதும், திரும்பி நின்று அது காலைத் தொடும்வரை காத்திருப்பதும், தொட்டவுடன் கூவிக்கொண்டு மறுபடியும் ஓடுவதுமாகப் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர்த் துறைவரைக்கும் அழைத்து வந்து சேர்ப்பார்கள். பெரியவர்கள் துறையில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். காவிரியின் வரவை முதலில் அறிந்தவை அர்ச்சகர் கைகளல்ல, இந்தப் பிள்ளைகளின் கால்களே. வாய்க்கால்களில் இதே ஆட்டம் இன்னும் விரிவாக நடக்கும். ஏனெனில் அங்கே பிள்ளைகள் சேற்றால் அணை கட்டலாம், அணையை உடைக்கலாம், கிளை வாய்க்கால் வெட்டிப் பூவரச இலையால் மதகு வைக்கலாம். நீர்ப்பாசனம் என்னும் சாஸ்திரத்தின் முதற் பாடம் அந்தப் பிரதேசத்து மிராசுதாரருக்கும் பண்ணையாளுக்கும் ஐந்து வயதிலேயே ஆகிவிடும்.

இந்த வரவின் முறை 1934-ஆம் ஆண்டில் மாறியது. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை அந்த ஆண்டில் முடிந்தது. 120 அடி வரைக்கும் நீரைத் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிடலாம் என்று ஏற்பட்டபின், குடகு மலையில் மழை பிடித்தால் கீழே வெள்ளம் என்றிருந்த இயற்கைக் கணக்குக்குப் பதிலாக, இருப்புப் போதுமானால் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது என்னும் கணக்கு வந்தது. குறுவைச் சாகுபடிக்கு இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. பிள்ளைகளுக்கோ தண்ணீர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. செந்நிறமாகப் பொங்கி வந்த பழைய புதுவெள்ளத்தின் வண்டலில் பெரும் பங்கு அணையின் மடியிலேயே தங்கிவிட்டது. நிலத்துக்கு வண்டல் குறைந்ததென்று விவசாயிகள் குறைப்பட்டார்கள். ஆற்றிலிருந்து எழுந்து வரும் பையனின் உடம்பில் சேறு குறைந்தது பற்றித் தாய்மார்கள் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

பரிபாடலில் கண்ட சிவிறி பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். மதுரையில் சித்திரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையில் இறங்கும்போது, கருப்பசாமி வேஷமும் கள்ளழகர் வேஷமும் தரித்த அடியார்கள் ஆட்டுத்தோலால் செய்த துருத்தியில் நீரை நிரப்பி, அதன் சிறு குழாய் வழியாகச் சுவாமியின்மேலும் கூட்டத்தின்மேலும் பீய்ச்சுகிறார்கள். சித்திரை வெயிலில் நெடுந்தூரம் வந்த பெருமாளைக் குளிர்விப்பது என்பது அதற்குச் சொல்லும் காரணம். ஆனால் வையைக் கரையில், ஜனசமுத்திரத்தின் நடுவில், கையில் துருத்தியோடு நிற்கிற அந்த உருவங்களைப் பார்க்கிறவன் பரிபாடலைப் படித்தவனாயிருந்தால் வேறு காரணமும் நினைக்காமல் இரான். அவர்களுக்கிடையே ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் அதே வேஷத்தில், தங்கள் கைக்கு அடங்கிய துருத்தியோடு வருகிறார்கள். நேர்த்திக்கடன் தகப்பனாருடையதாயிருக்கலாம், நனைக்கிற ஆசை பிள்ளையுடையது. கிராமங்களில் அம்மன் கொடை முடிந்த மறுநாள் மாமன் மைத்துனன் முறையுள்ளவர்கள் ஒருவர்மேலொருவர் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்வதும் இந்த வமிசத்தைச் சேர்ந்ததே. அங்கேயும் மூங்கில் பீச்சாங்குழலைச் சீவித் தயாராக வைத்திருப்பவர்கள் சிறுவர்கள்தாம். ஒரு முனையில் கணு விட்டு மூங்கிலை அறுத்து, கணுவில் ஊசித்துளை இட்டு, துணி சுற்றிய குச்சியை உள்ளே செலுத்தினால் பீச்சாங்குழல் ஆயிற்று.

எல்லா ஊருக்கும் ஆறு வாய்ப்பதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஊருணி என்பது குடிநீருக்கென்றே காக்கப்படுவது. அதில் கால் வைப்பதே குற்றம். ஆகவே அவ்வூர்ப் பிள்ளைகள் விளையாடக் கண்மாய்க்குத்தான் போகவேண்டும். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு பக்கத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரி நீர் சரிந்து விழும் சில நாட்கள் பிள்ளைகளுக்குத் திருவிழா. வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி விழுவதும், துண்டை இருவர் இரு முனையில் பிடித்துக்கொண்டு மீன் அரிப்பதும் அந்நாட்களில் ஓயா. கொங்கு நாட்டிலோ ஆழமான இறவைக் கிணறுகளே நீச்சல் பள்ளிக்கூடங்கள். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் கயிறு சுற்றி, மறுமுனையை மாமனோ அண்ணனோ பிடித்துக்கொண்டு, ‘குதிடா’ என்று தள்ளிவிடுவார்கள். சில வாரங்களில் சுரைப்புருடை கழன்றுவிடும். இன்னும் சில வாரங்களில் கயிறும் கழன்றுவிடும். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து கவலை ஏற்றத்தின் இடத்தைப் பம்பு பிடித்துக்கொண்டபின், அதன் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரும் அதை ஏந்தும் தொட்டியும் சின்னக் குழந்தைகளுக்கு ஓர் அருவியாகவும் குளமாகவும் அமைந்தன. யந்திரங்கள் குழந்தைகளுக்கென்று யோசிக்காமலே செய்துகொடுத்த நன்மைகளில் இது ஒன்று.

நீரைக் கண்டு மகிழ்ந்த சமூகம் அதற்கு அஞ்சவும் செய்தது. குளத்துக்குள் மோகினி இருக்கிறாள், உச்சிவேளையில் முனி இறங்குவான் என்ற கதைகள் எல்லாம் காவல் வைக்க ஆளில்லாத கரைகளுக்கு வைத்த காவல்களே. இவற்றைவிடக் கடுமையானது ஜோசியர் வைத்த காவல். ஜாதகத்தில் ஜலகண்டம் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை அவர் குறித்த வயது தாண்டும்வரையில் படித்துறையில் மற்றவர்களின் துணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆயினும் ஜலகண்டத்துக்குக் கழியும் காலம் என்று ஒன்று உண்டு. பிறந்த குலத்தின் காரணமாகவே ஊர்க் குளத்தில் கால் வைக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதுகூட இல்லாமலிருந்தது. துறைகள் சாதிக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தன. சிலருக்குத் துறையே கிடையாது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஆதிதிராவிடர்களுக்கும் திறந்திருக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். தீர்மானம் கிராமத்துக் குளக்கரைவரைக்கும் நடந்து வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பதை ஊருக்கு ஊர் தனியாகத்தான் சொல்லவேண்டும். சில ஊர்களில் அது இன்னும் வழியிலேயே இருக்கிறது. நம்முடைய நீர் விளையாட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பரிபாடலின் அழகில் மயங்கி இந்த அத்தியாயத்தை விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது.

வீட்டுக்குள் நடந்த விளையாட்டுக்கு ஆறும் வேண்டாம், குளமும் வேண்டாம். சோழ தேசத்து ஓட்டு வீடுகளின் நடுவே திறந்த முற்றம் உண்டு. நான்கு பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்தும் மழை நீர் அதற்குள் சரம் சரமாக இறங்கும். காகிதம் அரிய பொருளாயிருந்த காலத்தில் வாழைப்பூ மடலும் தென்னம்பாளையும் அங்கே கப்பலாக மிதந்தன. ஒரு கட்டெறும்பு அதில் பிரயாணி. அச்சுக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் பெருகிய பிறகு நோட்டுப் புத்தகத்தின் தாள் கப்பலாயிற்று; சாதாரணக் கப்பலைவிடக் கத்திக்கப்பல் செய்யத் தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம். மழையில்லாத நாட்களில் கிணற்றடித் தொட்டியும் கொட்டாங்கச்சியும் போதும். வெங்கலப் பானையில் ஓட்டைச் சிரட்டையை மிதக்கவிட்டு அது நிறைந்து மூழ்கும் கணத்துக்காகக் காத்திருப்பது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழுப் பிற்பகலின் வேலை.

நகரம் பெருகியபோது இந்த வசதிகள் சுருங்கின. சென்னைக்குச் செங்குன்றத்து ஏரியிலிருந்து குடிநீர் வரத் தொடங்கியது 1872-இல். கீழ்ப்பாக்கத்தில் நீரை வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது 1914-இல். காலராவும் நரம்புச் சிலந்தியும் வாட்டிய நாட்டில் குழாய்த் தண்ணீர் பெரிய பாக்கியம் என்பதில் ஐயமில்லை. எனினும் கிணறு தூர்ந்தது, குளம் மனைக்கட்டாயிற்று. தெருக்குழாயின் அடியில் உட்கார்ந்து தலையில் கை தட்டிக்கொள்வதே பட்டணத்துப் பிள்ளையின் ஜலக்கிரீடை என்றாயிற்று. அதுவும் வரிசையில் நிற்கிற குடங்கள் அனுமதிக்கும்வரை.

இப்படி ஆனபிறகுதான், குழந்தைக்குத் தண்ணீரைத் திட்டம் போட்டுக் கொடுக்கவேண்டும் என்னும் யோசனை கடல் கடந்து இங்கே வந்தது. 1907-இல் ரோமாபுரியின் ஏழைகள் வசித்த பகுதியில் குழந்தைகள் இல்லம் என்பதைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பின்மேல் 1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அடையாற்றுக்கு வந்தார். அங்கே அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் சுமார் முந்நூறு பேர் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் அவரும் எதிரி நாட்டுப் பிரஜை என்று கட்டுப்படுத்தப்பட்டு, பிறகு கோடைக்கானலில் சில காலம் வாழ்ந்து, இடையில் ஐரோப்பாவுக்குப் போய் மறுபடியும் வந்து, 1949 வரை இந்நாட்டு ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். அவருடைய முறையில் வாழ்க்கைப் பயிற்சிகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சிறு கூஜாவிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் நீர் வார்ப்பது, கையைப் படிப்படியாக முறைப்படி கழுவுவது, மேஜையைத் துடைப்பது ஆகியவை அதில் அடங்கும். பாத்திரங்கள் குழந்தையின் கைக்குத் தக்க அளவில் இருக்கவேண்டும். சிந்தினால் அதைத் துடைப்பதற்கு ஒரு பஞ்சும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். குழந்தை தானாக எடுத்து, தானாகச் செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைக்கவேண்டும்.

இதை ஒரு விளையாட்டு என்று சொன்னால் அம்மையார் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். குழந்தையின் வேலை என்றே சொல்லியிருப்பார். அதில் உண்மை உண்டு. வாய்க்காலில் மதகு வைத்த பிள்ளையும் தான் செய்வதை வேலை என்றே நினைத்திருந்தான். கூஜாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஒரு சொட்டும் சிந்தாமல் வார்த்து முடிக்கிற மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் காணும் ஏகாக்கிர சித்தத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் எங்கள் பக்கத்து வீடுகளில், அடுப்படி வேலை முடிகிறவரைக்கும் பேரனை ஓரிடத்தில் உட்கார்த்தி வைப்பதற்காக ஒரு பாட்டி முற்றத்தில் வைத்த தண்ணீரின் அளவு ஒரு கூஜா அல்ல, ஓர் அண்டா. பஞ்சை யாரும் அதனருகில் வைத்ததில்லை. சிந்திய தண்ணீர் வீணாகாமல் முற்றத்திலேயே தேங்கி முழங்கால் அளவுக்கு நிற்கும்படி, பழந்துணியைச் சுருட்டி ஜலதாரையை அடைத்துக்கொள்ளும் உபாயத்தை மட்டும் பாட்டி கற்றுக்கொடுப்பதில்லை. அதைப் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.